பத்தியம்

குளச்சலில் ஏலம் கூவி முடிந்து
தலக்குளம் ஏறும்போது மணி எட்டு.
சருவத்தில் சாளை, சாளைமேல் ஐஸ்,
ஐஸ்மேல் கிழிந்த வாழையிலை.
வாடை எனக்கு முன்னே போய்ச் சொல்லிவிடும்,
மெற்றில்டாள் வருகிறாள் என்று.

இருபத்திரண்டு வருசம்.
எந்த வீட்டில் என்ன சொகக்கேடு என்பதை
கேட்கிற மீனை வைத்தே சொல்வேன்.
பால்சுறா கேட்டால் பிள்ளை பிறந்திருக்கிறது,
தாய்க்குப் பால் ஊறவில்லை.
முள்ளில்லாத துண்டமாக மூன்று கேட்டால்
அங்கே யாருக்கோ பல் போயாச்சு.
மாசக்கடைசியில் எல்லாருக்கும் நெத்தோலி,
அந்தச் சீக்குக்கு மருந்து ஒன்றாந்தேதி.
ஒன்றுமே வேண்டாம், போ என்றால்
வீடு பத்தியத்தில் இருக்கிறது.

இரணியல் முக்கில், செருப்புக்கடை மாடியில்
சித்தா டாக்டர் ஷெர்லின் பலகை மாட்டியபிறகு
எனக்கு ஒன்பது வீடு நட்டம்.
மீன் தொடாதே, புளி தொடாதே,
கடுகு தாளிக்காதே,
அகத்தி தின்றால் மருந்து முறியும்.
ஒரு மண்டலம்.
நாற்பத்தெட்டை ஒன்பதால் பெருக்கி
அவளை மனசுக்குள் ஏசிக்கொண்டே
அந்தப் படிகளைக் கடப்பேன்.

பிறகு ஒருநாள்
கெளுத்தி முள் என் கால்விரலில் ஏறியது.
மஞ்சள் அரைத்துப் போட்டேன்.
குப்பைமேனி கசக்கிப் போட்டேன்.
வேப்பெண்ணெய், சுண்ணாம்பு,
பக்கத்துவீட்டு பிறிஜிட் சொன்னது,
ஆட்டோக்காரன் சொன்னது,
கைப்பேசியில் எவனோ சிரித்துக்கொண்டே சொன்னது.
விரல் கறுத்தது.

சருவத்தை வெளியே இறக்கிவிட்டு மாடி ஏறினேன்.
அவளுக்கு ஏழுமாச வயிறு,
மேசை முட்டாமல் தள்ளி இருந்தாள்.
நாடி பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.
சீனி பார்த்தாள்: முந்நூற்றுப் பன்னிரண்டு.
"முதலில் தக்கலை பெரியாஸ்பத்திரி. இன்றைக்கே.
அங்கே தரும் மாத்திரையை நிறுத்தச் சொல்லி
யார் சொன்னாலும், நானே சொன்னாலும்
நிறுத்தாதீங்க.
அதற்கப்புறம் இங்கே வாங்க,
சாப்பாடு பேசலாம்."

பேசினோம்.
மீனைத்தான் பிடுங்குவாள் என்றிருந்தேன்.
அவள் கைவைத்தது மரச்சீனிக் கிழங்கில்.
விடியற்காலைக் கருப்பட்டிக் காப்பியில்.
மட்டிப்பழம் ஒரு சீப்பை
ஒரே இருப்பில் தீர்க்கும் என் வாயில்.
எழுந்திருக்கும்போது சொன்னாள்,
"புண் ஆறும்வரை மீனும் வேண்டாம்.
ஆறினபின் சாளை. பொரிக்காமல்."

தலைநிறைய மீன், வயிற்றில் ஒரு செதில் இல்லை.
காணம் ஊறவைத்து அவித்தேன்.
முருங்கைக்கீரையை
உப்பு மறந்தவள்போல வதக்கினேன்.
கோவைக்காய், பயறு, கோவைக்காய்.
எல்லாம் இறங்கிவிடும்.
அடுத்த வீட்டில் கிழங்கு அவியும் மணம்
சுவரேறி வரும்போதுதான்
தொண்டை அடைக்கும்.

"வேண்டாம் மெற்றில்டா, பத்தியம்"
என்றாள் தலக்குளத்துத் தங்கலெட்சுமி.
"எனக்கும்தான்" என்றேன்.
அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் ஓடின.
உள்ளே போய்
சிறுபயற்றுக் கஞ்சி இரண்டு கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.
புளியில்லாத தேங்காய்த் துவையல்.
கொள்ளாம் என்று சொல்ல முடியாது,
சூடாக இருந்தது.
நடுவில் எட்டுக் கிலோ சாளை.
பூனைக்கு மட்டும் பத்தியம் இல்லை.

விரல் ஆறியது, பைய.
நகம் இன்னும் கறுப்புதான்.
மாத்திரையும் கசாயமும்
ஒரே டப்பாவில் கிடக்கின்றன, சண்டை போடாமல்.

ஐப்பசி மழையில் ஒரு காலை
ஹெல்மெட் கழற்றாமல் ஒருவர் பைக்கை நிறுத்தினார்.
குரலே எழும்பவில்லை.
"பால்சுறா... இருக்கா?"
"டாக்டர் வீட்டுக்காரரா? என்ன பிள்ளை?"
"பொண்ணு. நாலு நாளாச்சு.
அவளுக்கு எல்லாம் தெரியும், ஆனா அழுதுக்கிட்டே இருக்கா."

குஞ்சாகப் பார்த்து அரைக் கிலோ எடுத்தேன்.
அவித்து, தோலுரித்து, முள்ளெடுத்து உதிர்க்கணும்.
பூண்டு கைநிறைய. நல்லமிளகு.
புளி ஆகாது.
காந்தாரி மிளகு அந்தத் தெருவிலேயே வரக்கூடாது.
மூன்று நாள்.
பிள்ளையை மாரிலிருந்து இறக்கவேண்டாம் என்று சொல்லு,
அழுகிறவளை அழவிடு.

அவர் நனைந்த ரூபாயை நீட்டினார்.
பால் ஊறட்டும், பிறகு வாங்குகிறேன் என்றேன்.

சருவத்தைத் தூக்கினேன்.
அடுத்த வீட்டுக்கு நெத்தோலி.
தேதி இருபத்தாறு.